எந்த ஆண்டில் எழுதுவது?

சென்ற இதழில் குடும்ப அட்டை மாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர், பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றியும் எழுதுமாறு கேட்டிருந்தனர். இத்திங்கள் எழுத நேர்ந்திருப்பதோ பிள்ளையின் படிப்பன்று. ஒரு தாயின் படிப்பு.

சிகந்தராபாத் மெட்டுகூடாவில் நமது வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சகோதரி வசிக்கிறார். வயது 31. தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். கணவர் லாலாகூடா ரயில்வே பட்டறையில் பணிபுரிகிறார். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. தை மாதத்தில் ஒரு மாலை இருவரும் நமது இல்லத்துக்கு வந்தனர்.

“அண்ணா, வருகிற மே மாதம் நீட் தேர்வு எழுதலாமென்றிருக்கிறேன். படிக்கத் தொடங்கி இரண்டு மாதந்தான் ஆகிறது. ஆனாலும் இந்த ஆண்டை விட்டால் வயது போய்விடுமே!” என்றார் சகோதரி.

“நீங்களாவது சொல்லுங்கள், அண்ணா” என்றார் கணவர். எழுதச் சொல்ல வேண்டுமென்கிறாரா, தடுக்க வேண்டுமென்கிறாரா என்பது அவர் குரலில் விளங்கவில்லை.

பத்தாம் வகுப்போடு நின்ற நமக்கு வைத்தியக் கல்லூரியைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் விதிகளைப் படித்துப் பொருள் காண்பதே ரயில்வே குமாஸ்தாவின் அன்றாடத் தொழில். ஆதலின் விதியிலிருந்தே தொடங்கினோம்.

வயதைப் பற்றிய அச்சம் காரணமில்லாததன்று. 2017-ஆம் ஆண்டில் இத்தேர்வுக்கு 25 வயதே உச்சவரம்பு, ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 30 என்று விதித்தார்கள். வழக்குகள் நடந்தன, நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியின்பேரில் மூத்தவர்கள் எழுதிவந்தனர். பின்னர் தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் அவ்வரம்பை நீக்க முடிவுசெய்து, 2022 மார்ச்சில் அதனை அறிவித்தது. 17 வயது நிரம்பவேண்டும் என்பதே எஞ்சியது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை.

அப்படி எழுதி வென்றவர்களும் உளர். ஒடிசாவில் ஜெய் கிஷோர் பிரதான் என்னும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், 2020-இல் தமது 64-ஆம் வயதில் தேர்ச்சிபெற்று புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம் தென்காசிப் பகுதியில் 49 வயதான இயன்முறை மருத்துவர் ஒருவர், 2025-இல் தம் மகளோடு சேர்ந்து படித்து, இருவரும் தேர்ச்சியுற்றனர். தாயார் மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசுக் கல்லூரியில் இடம்பெற்றார்.

ஆகவே வயது போய்விடாது. ஆனால் வேறொன்று போய்விடும். அதனை அச்சகோதரிக்கு எடுத்துரைத்தோம்.

பதினெட்டு வயதுப் பிள்ளை தேர்வில் தவறினால் ஓர் ஆண்டு போகும். குடும்பஸ்தர் தவறினாலோ வீட்டாரின் பொறுமையில் ஒரு பங்கு செலவாகிறது. விடுப்பு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், கணவரின் இசைவு ஆகியன எல்லாம் கைமாற்றுப் போன்றவை, அடிக்கடி கேட்கவியலாது. நாமே இதற்குச் சாட்சி. தந்தையார் மறைந்தபின் கடைநிலை ஊழியராகச் சேர்ந்த நாம், குமாஸ்தா பதவிக்கான இலாகாத் தேர்வை அவசரத்தில் எழுதித் தோற்றோம். மறுமுறை எழுத விரும்பியபோது வீட்டில் எவரும் தடுக்கவில்லை. எவரும் ஊக்குவிக்கவும் இல்லை. அந்த மௌனத்தில் படிப்பது கடினமாயிருந்தது.

தேர்வோ ஆண்டுக்கு ஒருமுறை. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மே மாத முதல் ஞாயிறன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. 2025-இல் 180 நிமிடங்களில் 180 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறினால் ஒன்று குறையும். அவ்வாண்டு பொதுப்பிரிவினர்க்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அடுத்தது, எந்த மாநிலத்து வாசல் என்னும் கேள்வி. தெலுங்கானாவில் உள்ளூர் மாணவராகக் கருதப்பட, பன்னிரண்டாம் வகுப்புவரையில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இங்கேயே படித்திருக்கவேண்டும் என்பது பொது விதி. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. நம் சகோதரி படித்ததோ விழுப்புரத்தில், ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில். அத்தகையோர்க்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. தமிழ் வினாத்தாள் வேண்டினும் தேர்வுமையம் அங்கேதான் கிடைக்கும். எனவே இடம் கிடைப்பின், பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள் தாய் அங்கே, கணவர் இங்கே. குழந்தை எங்கே?

இவ்வினா எழுந்ததும் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். அதுவரை அவர்கள் இதனைப் பேசியிருக்கவில்லை.

“மதிப்பெண் வந்த பிறகு பேசிக்கொள்ளலாமென்றிருந்தேன்” என்றார் சகோதரி.

“அதை முதலில் பேசியிருக்கலாமே. நான் தடுப்பதற்கில்லை, குழந்தை யாரிடம் இருக்கும் என்றுதான் எனக்குக் கவலை” என்றார் கணவர். அவர் குரலின் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

வள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். அவ்வரிசையை மாற்றலாகாது. வலிமை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகே நாள் குறிக்கவேண்டும். பழைய வினாத்தாளை எடுத்து, ஞாயிறு இரண்டு மணிமுதல் ஐந்து மணிவரை கடிகாரம் வைத்து எழுதிப்பார்க்குமாறு கூறினோம். ஒருமுறை வந்த மதிப்பெண்ணை நம்பவேண்டாம். தொடர்ந்து மூன்று முறை ஒரே நிலையில் நின்றால் அந்த ஆண்டு எழுதலாம். அதற்காக ஆண்டுதோறும் “அடுத்த ஆண்டு” என்று தள்ளுவதும் கூடாது. எனவே ஓர் ஆண்டைக் குறித்துக்கொண்டு, இரவுப்பணி, பணம், குழந்தை ஆகியவற்றை அதற்கேற்ப ஒழுங்குசெய்வதே முறை.

சகோதரி இவ்வாண்டு விண்ணப்பிக்கவில்லை. அடுத்த ஆண்டென்று முடிவுசெய்தார். விழுப்புரத்திலுள்ள தாயார், பேத்தியை வைத்துக்கொள்ள இசைந்திருக்கிறார். முதல் ஒத்திகையில் 196 மதிப்பெண். நான்காவதில் 271. இடம் பெற இது போதாது. பௌதிகத்தில் இன்னும் இடறுகிறார். வெற்றி நிச்சயமென்று நாம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஞாயிறு பிற்பகல்களில் நமது வீட்டு முன்னறையில் மேசை போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்த மூன்று மணி நேரமும் தொலைக்காட்சி கிடையாது. குழந்தை நமது மக்களோடு மாடியில் விளையாடுகிறது. அவள் தந்தையார் ஐந்து மணிக்குத் தேநீரோடு வந்து, “இன்று எவ்வளவு?” என்று வினவுகிறார்.

நம் சங்கக் குடும்பங்களில் படிப்பை இடையில் நிறுத்திய சகோதரிகள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களை எவரும் புகழவேண்டியதில்லை. வாரத்தில் மூன்று மணி நேரம் அவர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு முன்வந்தால் போதும்.