துனீசியா: கட்சியில்லாத ஜனாதிபதியும் கட்சிகளும்

துனீசிய நெருக்கடியை அந்நஹ்ழாவுக்கு எதிரான சதியாக மட்டுமே நம்மவர்களில் பலர் பார்க்கிறார்கள். விடயம் அதைவிடப் பெரியது.

அரசியலமைப்புச் சட்ட விரிவுரையாளரான கைஸ் சயீத் எந்தக் கட்சியையும் சேராதவர். 2019 இல் 70 வீதத்துக்கும் அதிகமான வாக்குகளால் ஜனாதிபதியானார். அந்த வெற்றியில் பாதி, கட்சிகளே அவருக்குத் தூக்கிக் கொடுத்தது. 2011 புரட்சிக்குப் பின் அரசாங்கங்கள் அடிக்கடி மாறின; இளைஞர்களுக்குத் தொழில் மட்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் 2021 ஜூலை 25 இல் பிரதமரை நீக்கிப் பாராளுமன்றத்தை அவர் முடக்கியபோது மக்கள் வீதியில் இறங்கிக் கொண்டாடினார்கள். பாராளுமன்றத்துக்கு வந்த சபாநாயகர் ராஷித் கன்னூஷியை இராணுவம் வாசலிலேயே மறித்தது.

2023 ஏப்ரலில் கன்னூஷி கைதானார். அதே ஒக்டோபரில், அந்நஹ்ழாவின் பரம வைரியான அபீர் மூசியும் கைதானார்! ஆக, குறி ஒரு கொள்கை மீதல்ல. போட்டியிடக்கூடிய எவர் மீதும்தான்.

கட்சிகளை ஓரங்கட்டியவர் மக்களையாவது தன் பக்கம் வைத்திருந்தாரா? 2022 டிசம்பர் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோர் சுமார் 11 வீதம். 2024 இல் 90 வீத வாக்குகளுடன் மீண்டும் வென்றார். வாக்களித்தவர்களோ 30 வீதத்துக்கும் குறைவு. எதிர்த்து நின்ற இருவரில் ஒருவர் அப்போது சிறையில் இருந்தார்.