எண்ணெய் உண்டு, பெட்ரோல் இல்லை

நைஜர் டெல்டாவில் ஒலோய்பிரி என்ற இடத்தில் 1956ல் எண்ணெய் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் நைஜீரியா கச்சா எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிவிட்டது. ஆனால் ஆப்பிரிக்காவின் முன்னணி உற்பத்தியாளரான இந்த நாடு, வெகுகாலம் தனக்கு வேண்டிய பெட்ரோலில் பெரும்பகுதியைக் கப்பலில் தருவித்துக்கொண்டிருந்தது. நெல்லை விற்றுவிட்டு ஹோட்டலில் சாப்பிடும் மிராசுதாரின் கதைதான்.

ஆலைகள் இல்லாமல் இல்லை. போர்ட் ஹார்கோர்ட்டில் இரண்டு, வாரியில் ஒன்று, கடுனாவில் ஒன்று. நான்கும் அரசுக்குச் சொந்தம். காகிதத்தில் அவற்றின் திறன் நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய். பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்கள், பெட்ரோல்தான் வரவில்லை. போர்ட் ஹார்கோர்ட் ஆலையைச் சீரமைக்க 2021ல் 150 கோடி டாலர் அனுமதிக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஆலை ஓடத் தொடங்கியதாக அறிவித்தார்கள். 2025 மே மாதம் மீண்டும் மூடினார்கள், பராமரிப்புக்காக!

குறை இயந்திரத்தில் மட்டும் அல்ல. பெட்ரோலை அடக்க விலைக்கும் குறைவாக விற்கச் செய்தது அரசு. அந்த விலையில் உள்நாட்டில் ஆலை கட்ட யார் முன்வருவார்கள்? இறக்குமதியாளருக்கோ கவலையில்லை, வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுத்துவிடும். வராத சரக்குக்கும் மானியம் வாங்கியவர்கள் உண்டு. 2009 முதல் 2011 வரை இப்படி 680 கோடி டாலர் போனதாக 2012ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு கணக்குச் சொன்னது. மானியத்தை நிறுத்துவதும் லேசான காரியமல்ல. அதே ஆண்டு ஜனவரியில் லிட்டர் விலை 65 நைராவிலிருந்து ஒரேயடியாக 141 ஆனபோது நாடே தெருவுக்கு வந்தது. அரசு 97க்கு இறங்கியது. எண்ணெய் வளத்தால் சாமானியன் கண்ட ஒரே பலன் மலிவான பெட்ரோல்தான். அதையும் பறித்தால் கோபம் வராதா?

இந்தச் சூழலில்தான் சிமென்ட் அதிபர் அலிகோ டாங்கோட்டே லாகோஸை அடுத்த லெக்கியில் சுமார் 2,000 கோடி டாலர் செலவில் ஆலை கட்டினார். நாளுக்கு 6,50,000 பீப்பாய் திறன். திட்ட ஆலோசகர் நமது பொதுத் துறை நிறுவனமான என்ஜினியர்ஸ் இந்தியா. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளியே வாங்கி, அதைச் சுத்திகரித்து ஏற்றுமதியும் செய்யும் இந்தியா, எண்ணெய் கொழிக்கும் நாட்டுக்கு ஆலை கட்டுவதில் யோசனை சொன்னது.

ஆலைத் திறப்பு விழா 2023 மே 22ல் நடந்தது. ஒரு வாரம் கழித்துப் பதவியேற்ற போலா டினுபு, அன்றே மானியம் ஒழிந்தது என்றார். சில நாட்களில் விலை ஏறத்தாழ மும்மடங்கு. மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் தையற்கடையும் சலூனும் பெட்ரோல் ஜெனரேட்டரில் ஓடுகின்றன. அடி அங்கேதான் விழுந்தது.

ஆலையிலிருந்து பெட்ரோல் வந்ததோ 2024 செப்டம்பரில். வீட்டு வாசலிலேயே எண்ணெய் இருந்தும் டாங்கோட்டே அமெரிக்காவிலிருந்து கச்சா எண்ணெய் தருவிக்க நேர்ந்தது. பிறகு, அக்டோபர் முதல், கச்சா எண்ணெயை டாலருக்குப் பதில் நைராவில் விற்க அரசு இசைந்தது. இதற்கிடையே மற்றவர்களின் இறக்குமதி உரிமங்களை ரத்து செய்யக் கோரி டாங்கோட்டே தரப்பு நீதிமன்றம் போனது. அரசின் பிடியிலிருந்து விடுபட்ட விலை ஒரு தனி மனிதரின் பிடிக்குப் போகுமோ என்ற அச்சம் நியாயமானதே.

எரிவாயுவின் கதை இன்னும் சோகம். ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய இருப்பு நைஜீரியாவில்தான். போனி தீவிலிருந்து 1999 முதல் திரவ வாயு ஏற்றுமதியாகிறது. குழாய் வழியே கானா வரைக்கும் வாயு போகிறது. ஆனால் நாட்டின் வடக்கே போகவில்லை. அஜாவோகுட்டாவிலிருந்து கடுனா வழியே கானோ வரை 614 கிலோமீட்டர் குழாய்ப் பணி தொடங்கியதே 2020ல்தான். கிணறுகளில் எண்ணெயோடு வரும் வாயுவைக் கொளுத்திவிடுவதை 1984க்குள் நிறுத்த வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். குழாய் போடுவதைவிட அபராதம் கட்டுவது மலிவாக இருந்தது. டெல்டாவில் அந்தத் தீ இன்னும் எரிகிறது. பக்கத்துக் குடிசைகளில் விறகடுப்பு.