டயர் தேய்மானம்: விதி இருக்கிறது, சோதனை எங்கே?

விரைவுச்சாலைகள் பெருகி, கார்களின் வேகமும் கூடிவரும் நிலையில், அந்த வேகத்தைத் தாங்கும் டயர்களின் நிலை கவனிக்கப்பட வேண்டியதாகிறது. 701 கி.மீ. நீள மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச்சாலையின் முதல் கட்டம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கு விபத்துகள் தொடர்ந்ததையடுத்து, 2023-ல் மகாராஷ்டிரப் போக்குவரத்து அதிகாரிகள் டயர்களைச் சோதித்து, தேய்ந்த டயர்களுடன் வந்த வாகனங்களைத் திருப்பி அனுப்பினர்.

எனினும், இத்தகைய சோதனை அரிதானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கார் டயரின் பள்ளங்கள் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் கொண்டிருக்க வேண்டும். ஆனால், வர்த்தக வாகனங்களுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று கட்டாயமாக இருக்க, சொந்தக் கார்களுக்கு 15 ஆண்டுகள் வரை அது தேவையில்லை. அதற்குள் டயர்களைப் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். எப்போது மாற்றுவது என்பது உரிமையாளரின் முடிவுக்கே விடப்பட்டுள்ளது.

2022 அக்டோபர் முதல், புதிய வடிவமைப்பு டயர்களுக்கு ஈரச்சாலைப் பிடிமானம் உள்ளிட்ட தர நிர்ணயங்கள் கட்டாயமாகின. ஆனால், அவை ஆலையிலிருந்து வெளிவரும் டயருக்கானவை; ஓடித் தேய்ந்த டயருக்கானவை அல்ல.

மழைநீரை வெளியேற்றுவது டயரின் பள்ளங்களே. அவை ஆழமிழந்தால், டயர் நீரின் மீது மிதந்து, பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் கட்டுப்படாமல் போகிறது. காற்று குறைந்த டயரோ, வேகத்தில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும் அபாயம் உள்ளது.

இதைக் கண்டறியச் செலவேதும் இல்லை. பள்ளங்களுக்குள் உள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால், உடனே மாற்ற வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பிழை எனலாம். ஓட்டுநர் கதவருகே குறிப்பிடப்பட்டுள்ள காற்றழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண், தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2322 என்றால் 2022-ன் 23-வது வாரம். ஓடாமல் நிற்கும் காரிலும் ரப்பர் முதுமையடையும்.

அரசின் புள்ளிவிவரப்படி, 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். மாசுச் சான்றிதழுக்காகக் காரின் புகையைக் குறித்த காலத்தில் சோதிக்கும் நடைமுறை ஏற்கெனவே உள்ளது. அதே இடத்தில் டயரின் பள்ளத்தையும் அளக்கச் சில நிமிடங்கள் போதும்.