தென் அமெரிக்காவுக்கு இரண்டு வாரப் பயணமா? ஊரை முடிவு செய்யும் முன் விசா பக்கத்தைப் புரட்டுங்கள்

லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு, மான்யதா டெக் பார்க்கில் வேலை, வருஷக் கடைசியில் கையில் மிச்சம் பத்து நாள் லீவ். தாய்லாந்து, பாலி, வியட்நாம் எல்லாம் பார்த்தாச்சு. இந்த முறை தென் அமெரிக்கா போலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆரம்பிக்கிறார். ரியோ, மச்சு பிச்சு, புவெனஸ் ஐரிஸ், கார்த்தஹேனா என்று பட்டியல் நீள்கிறது.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு கிளம்பும் உங்களுக்கு அங்கே எந்தக் கதவு திறக்கும் என்பது, அமெரிக்காவோ ஐரோப்பாவோ உங்களுக்கு ஏற்கெனவே விசா கொடுத்திருக்கிறதா என்பதைத்தான் பெரும்பாலும் பொறுத்தது. நியாயமா என்று கேட்டால், இல்லை. லிமாவின் கடற்கரையைப் பார்க்க வாஷிங்டனின் நம்பிக்கை எதற்கு? ஆனாலும் நடைமுறை இதுதான்.

யாருக்கு எந்த நாடு?

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கிறதா? பெருவுக்கும் கொலம்பியாவுக்கும் தனி சுற்றுலா விசா எடுக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட்டில் அர்ஜென்டினாவும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குக் கதவைத் திறந்தது.

ஷெங்கன் விசா வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெருவும் கொலம்பியாவும் அதையும் ஏற்கின்றன. ஆனால் அந்த விசாவில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். போன வருஷம் பாரிஸ் போக வாங்கிய இருபது நாள் விசா இதற்கு உதவாது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கு விதியைத் தளர்த்தியது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு விசா கிடைக்கும். அந்த வகை விசா இருந்தால் நிம்மதி.

இரண்டுமே இல்லையா? அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நேர்காணல் தேதிதான் தலைவலி. 2025 ஜனவரி 17 அன்று பெங்களூரில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டபோது பலரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் தொடங்கியபோது அங்கே விசா சேவை கிடையாது. நேர்காணலுக்குச் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போவது தொடர்ந்தது.

பிரேசில் தனிக் கதை. அமெரிக்க விசா அங்கே செல்லாது. பிரேசில் விசாவையே முன்கூட்டி எடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நம் ஊரிலிருந்து போக வசதியான விமானங்கள் துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாக சாவ் பாவ்லோவில்தான் இறங்குகின்றன. விலை குறைவு என்று அங்கிருந்து தனி டிக்கெட் போட்டு, பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருந்தால் பிரேசில் விசா கேட்பார்கள். மயாமி வழியாகப் போனால் விமானம் மாறவே அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் போடும் முன் அந்தந்தத் தூதரகத் தளத்தில் விதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இவை அடிக்கடி மாறுகின்றன.

பதினோரு நாளில் எத்தனை நாடு?

இரண்டு வாரம் என்பது பேச்சுக்குத்தான். போக, வர மூன்று நாள் போய்விடும். பெருவும் கொலம்பியாவும் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். முதல் நாள் மதியம் மூன்று மணிக்கே கண் சொக்கும். ஆகவே ஒரே ஒரு நாடு போதும் என்பது என் கட்சி. 'இவ்வளவு தூரம் போய் ஒண்ணுதானா?' என்று நண்பர்கள் இழுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீங்க.

எந்த நாடு என்பதை லீவ் கிடைக்கும் மாதம் சொல்லும். டிசம்பர் கடைசி என்றால் கொலம்பியா. கரீபியன் கரையில் அப்போது மழை குறைவு. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கும் அதுதான் விடுமுறை, அறை வாடகை ஏறியிருக்கும். போகோட்டாவில் இரண்டு இரவு, மெதயினில் நான்கு, கார்த்தஹேனாவில் ஐந்து என்று வைக்கலாம். போகோட்டா 2,600 மீட்டர் உயரம், ஊட்டியைவிட மேலே, ஸ்வெட்டர் தேவை. மெதயினில் மலைச்சரிவுக் குடியிருப்புகளை மெட்ரோவோடு இணைக்கும் கேபிள் கார் 2004 முதல் ஓடுகிறது. சில்க் போர்டில் நின்று பழகியவர்கள் அதில் ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டும், வயிற்றெரிச்சலுக்காகவாவது. ஊர்களுக்கு இடையே பஸ் வேண்டாம். மலைப்பாதையில் ஒரு நாள் போய்விடும், விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லீவ் என்றால் பெரு. குஸ்கோ பக்கம் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் அதே மாதங்களில் லிமா கடற்கரை முழுக்க மூடுபனி, வெயிலையே பார்க்க முடியாது. இரண்டும் ஒன்றாக அமையாது. மலையா கடலா என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர், கிட்டத்தட்ட லே உயரம். இறங்கிய அன்றே மலை ஏறக் கிளம்பினால் தலைவலியும் வாந்தியும்தான் மிச்சம். மச்சு பிச்சு அதைவிடச் சுமார் ஆயிரம் மீட்டர் கீழே என்பதால், முதலில் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டுக் குஸ்கோவைக் கடைசியில் வைப்பது உடம்புக்கு நல்லது.

திரும்பி வர ஒரு ஊசி

பலர் கோட்டை விடுவது இதில்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அங்கே போவதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். அந்த நாடு கேட்காவிட்டாலும், திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம்மிடம் ஏராளம். நோய் மட்டும் இன்னும் இங்கே வரவில்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. பெரு, கொலம்பியா, பிரேசில், அர்ஜென்டினா எல்லாமே இந்தியாவின் பட்டியலில் உண்டு. சிலியும் உருகுவேயும் இல்லை. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். திங்கட்கிழமை ஆபீஸ் என்று சொன்னாலும் எடுபடாது.

இது ஏட்டுச் சுரைக்காய் விதியும் அல்ல. 2025 ஏப்ரலில் கொலம்பியா மஞ்சள் காய்ச்சலுக்காகத் தேசிய சுகாதார அவசரநிலையே அறிவித்தது.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன்பிறகு ஆயுளுக்கும் போதும். மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும், பக்கத்துத் தெரு கிளினிக்கில் போட்டால் கணக்கில் வராது. சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். பெங்களூரிலும் மையங்கள் உண்டு. பட்டியல் சுகாதார அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. எல்லா நாளும் போடமாட்டார்கள், டிக்கெட் போட்ட வாரமே நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த மஞ்சள் அட்டையில் உங்கள் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டுடாதீங்க.