ஏழடிக்குள் ஒரு வீடு!

'இந்த வாடகையைக் கொடுக்கறதுக்கு, பேசாம ஒரு படகை வாங்கி அதிலேயே குடியிருந்துடலாம்!'

லண்டனில் பல இளவட்டங்கள் இப்படி முடிவெடுத்துக் கால்வாயில் குடியேறிவிட்டார்கள். படத்தில் பார்த்தால் நமக்கும் ஆசையாகத்தான் இருக்கும். இருபுறமும் மரம், பக்கத்தில் வாத்து, கையில் டீ... அவசரப்படாதீங்க சார். முதலில் வரவு - செலவைப் பார்த்துடுவோம். நான் பி.காம்., பழக்க தோஷம்!

படகுக்குப் பெயர் நேரோபோட். அகலம் 6 அடி 10 அங்குலம்தான். ஏன் இந்தக் கஞ்சத்தனம்? 18-ம் நூற்றாண்டில் நிலக்கரி ஏற்றிப் போகக் கால்வாய் வெட்டியவர்கள், படகை மேடு பள்ளம் ஏற்றி இறக்கும் 'லாக்' தொட்டிகள் பலவற்றை ஏழடி அகலத்துக்கே கட்டினார்கள். சரக்கு லாரிக்குப் போய்விட்டது. ஏழடி அப்படியே நிற்கிறது! நீளம் 70 அடி வரை போகும். அதாவது நம்மூர் ரயில் பெட்டி நீளம். அகலத்தில் அதைவிடக் குறைச்சல். அதற்குள்ளேயே கட்டில், சமையல், குளியல், எல்லாம்.

சரி, குடி வந்தாச்சு. இனி வீட்டுக்காரரும் நீங்களே, பிளம்பரும் நீங்களே. குடிதண்ணீர் டேங்கைக் கரையோரக் குழாயில் நிரப்பணும். டாய்லெட் பெட்டியை சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு, அதற்கென உள்ள இடத்தில் கொட்டிக் கழுவணும். எதிரே வருகிறவர் சிரித்தால் நீங்களும் சிரிக்கணும். அவர் கையிலும் அதே பெட்டிதான்!

வேகம் மணிக்கு 4 மைல்தான். அதிலும் ப்ரொப்பல்லரில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொள்ளும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து தண்ணீருக்குள் கைவிட்டு அறுத்தெடுக்கணும். மூடியைச் சரியாக மூடாமல் ஸ்டார்ட் செய்தால் வீடே முழுகிப்போகும். ஓட்டி முடித்ததும் ப்ரொப்பல்லர் தண்டுக்கு கிரீஸ் ஏற்றணும், இல்லாவிட்டால் கசியும்.

அடிப்பக்கம் இரும்பு. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, சுரண்டி, கறுப்புப் பூச்சு அடிக்கணும். பக்கத்தில் மெக்னீசியக் கட்டிகள் பொருத்தியிருப்பார்கள். துரு, இரும்பை விட்டுவிட்டு முதலில் அதைத் தின்னும். குடும்பத்துக்காகத் தேய்கிற மூத்த அண்ணன் மாதிரி!

குளிருக்குக் கரி அடுப்பு. அதில் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2019 முதல் படகின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அந்த அலாரம் கட்டாயம்.

பெரிய சங்கதி இனிமேல்தான். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடமில்லாத படகுக்காரர், 1995-ம் வருஷச் சட்டப்படி, ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. வீடு நகரும் சார்... பிள்ளையின் ஸ்கூலும் உங்கள் ஆபீஸும் நகருமா? 2024 முதல் இவர்களுக்கு லைசென்ஸ் கட்டணத்தில் கூடுதல் தொகை வேறு. ஏழைக்கு ஏற்ற வீடு என்று வந்தவர்கள் கையைப் பிசைகிறார்கள்.

ஆகவே, 'ஆன்சைட்' போகிற தம்பிகளே... ஜூலை வெயிலில் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஜனவரியில் ஒரு வாரம் தங்கிப் பாருங்க. அந்தப் பெட்டியையும் நீங்களே தூக்கிட்டுப் போய்க் கொட்டுங்க. அப்புறமும் பிடித்திருந்தால், தாராளமாக வாங்குங்க!