இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ஒரு ஸ்கேன்

"கீமோ எல்லாச் சுற்றும் முடியட்டும், பிறகு பார்ப்போம். நடுவில் பெட் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு" என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். முற்றிய ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு தவறு.

இரண்டு சுற்றில் கட்டி கரைந்திருக்காதே, ஸ்கேனில் என்ன தெரியும் என்கிறார்கள். அளவை மட்டும் காட்டும் சி.டி.க்கு அந்தக் கேள்வி பொருந்தும். பெட் ஸ்கேன் பார்ப்பது கட்டியின் பசியை. கதிரியக்க ஃபுளூரின் சேர்த்த சர்க்கரையை இரத்த நாளத்தில் ஏற்றினால், அதை எந்தத் திசு அதிகம் இழுக்கிறது என்பது படத்தில் தெரியும். ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றணுக்கள் மிகச் சிலவே. மற்றதெல்லாம் அவை அழைத்து வைத்திருக்கும் வெள்ளையணுக்களும் நாரும்தான். புற்றணு செத்தால் அந்த அழைப்பு நின்றுபோகும். சர்க்கரை இழுப்பும் அடங்கிவிடும். கட்டி மட்டும் வடுவாக மாதக்கணக்கில் கிடக்கலாம். அதைப் பார்த்து 'மருந்து கேட்கவில்லை' என்று உடைந்துபோகும் குடும்பங்களை நினைத்தால் மனம் தாங்கவில்லை.

2007இல் வெளிவந்த இத்தாலி, டென்மார்க் கூட்டாய்வில், இரண்டு சுற்றுக்குப் பின் ஸ்கேன் தெளிந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு இரண்டாண்டு வரை நோய் தலைதூக்கவில்லை. தெளியாதவர்களில் அப்படி இருந்தவர்கள் சுமார் 13 சதவீதமே.

ஸ்கேன் பொய் சொல்லும் என்பதில் உண்மை உண்டு. தொற்றும் அழற்சியும்கூடச் சர்க்கரையை இழுக்கும். அதனால்தான் கட்டியின் ஒளிர்வைக் கல்லீரலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடும் டோவில் அளவுகோல் வந்தது. வேறு புற்றுகளுக்கு இதை அப்படியே நீட்டவும் கூடாது. வேகமாகப் பரவும் நிணநீர்ப் புற்றுகளில் ஜெர்மனியின் பெட்டல் ஆய்வு, ஸ்கேனைப் பார்த்து மருந்தை மாற்றியும் பலன் கூடவில்லை என்று கண்டது. மாற்றிக் கொடுக்க மேலான மருந்து கையில் இருக்க வேண்டும்.

"தெரிந்து என்ன? ஆறு சுற்றும் போட்டுத்தானே ஆக வேண்டும்" என்ற வாதத்தைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 2016இல் வெளியான ராத்ல் ஆய்வில், ஸ்கேன் தெளிந்தவர்களில் ஒரு பாதியினருக்கு, நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசின் என்ற கீமோ மருந்தை மூன்றாம் சுற்றிலிருந்து நிறுத்தினார்கள். மூன்றாண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 84.4 சதவீதம், நிறுத்தாதவர்களில் 85.7. நுரையீரல் பாதிப்போ குறைந்தது. தெளியாதவர்களை வீரியம் கூடிய மருந்துக்கு மாற்றினார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு மூன்றாண்டு வரை நோய் முற்றவில்லை.

செலவுக் கணக்குப் போடுகிறவர்கள், அந்த ஒரு ஸ்கேனால் தவிர்க்க முடிந்த எட்டு பிளியோமைசின் ஊசிகளையும் கணக்கில் சேர்க்கட்டும்.