பற்களுக்கும் ஒரு பேரேடு

மயிலாப்பூர், அடையாறு வட்டாரத்துக் கூட்டுறவு நியாயவிலைக் கடைகளின் இருப்பைச் சரிபார்ப்பது என் அலுவல். சென்ற மாதம் மயிலாப்பூர்க் கடையொன்றில் சர்க்கரை வாங்க வந்த தாயின் அருகே, ஒன்பது வயதுச் சிறுமி வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பால் பல்தானே சார், விழுந்து முளைத்துவிடும்” என்றார் தாய். பல் மருத்துவரிடம் காட்டியபோது, அது பால் பல்லன்று என்பது தெரிந்தது. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல் அது. போனால் மீண்டும் முளைக்காது. பட்டம் பெற்ற எனக்கும் இது அன்றுதான் தெரியும்!

நெசவாளரும் உழவரும் படிக்கும் இதழில் பல்லைப் பற்றி எழுதுவானேன் என அன்பர்கள் கேட்கலாம். இதுவும் கணக்கு விஷயமே. 1938-ல் அமெரிக்காவில் கிளைன், பாமர் முதலியோர் ஒரு முறை வகுத்தனர். சிதைந்தவை, சிதைவால் இழந்தவை, அடைக்கப்பட்டவை என்ற மூன்றையும் கூட்டுவதே அது. பன்னிரண்டு வயதினரின் சராசரியைக் கொண்டு நாடுகளை ஒப்பிடுகிறார்கள். 2002-03-ல் இந்தியப் பல் மருத்துவ மன்றம் நடத்திய ஆய்வில், அவ்வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர்க்குச் சொத்தை இருந்தது.

ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது தணிக்கையாகாது. அச்சிறுமியின் பல்லைப் பிடுங்கினால், ‘சிதைந்தவை’ என்ற தலைப்பிலிருந்து ‘இழந்தவை’க்கு மாறும், மொத்தம் மாறாது. சராசரியும் ஏமாற்றும். பத்துச் சிறுவரில் எழுவர்க்குக் குறையில்லை, மூவர்க்கு நான்கு நான்கு பற்கள் கெட்டன என்றால் சராசரி 1.2தான். தாளில் அழகாகவே இருக்கும்.

கரும்பு பயிரிடும் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். இனிப்பின் அளவோடு, நாளில் எத்தனை முறை அது வாயில் படுகிறது என்பதும் முக்கியம். ஒவ்வொரு முறையும் கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. தறியில் அமர்ந்தபடி அடிக்கடி தேநீர் பருகுவோர் இதைக் கவனிப்பார்களாக. ஃபுளோரைடு கலந்த பற்பசை காக்கும். ஆயினும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அதுவே பல்லைக் கறைப்படுத்தி எலும்பையும் கெடுத்தது. 2013-ல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன்பொருட்டே வந்தது. ஆகவே ஊருக்கு ஊர் அளந்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு சங்கமும் ஆண்டுப் பேரவை நாளில் ஒரு பல் மருத்துவரை அழைத்து, உறுப்பினர்களின் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பற்களை மூன்று தலைப்பிலும் தனித்தனியே பதிந்து, ஆண்டறிக்கையில் சேர்க்கலாகாதா? செலவு சிறிது, பொதுநல நிதி தாங்கும். ஏழு வயதினரையும் அன்றே காட்டிவிடுவது நலம். அவர்களுக்குக் கடைவாய்ப் பல் முளைத்து ஓராண்டே ஆகியிருக்கும். சொத்தை விழுந்திருந்தாலும் அடைத்துக் காத்துவிடலாம்.